செக் புத்தகத்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை

பரங்கில்லா என்ற சிற்றூரில் திருடுவது சுலபம். திருடினேன் என்று ஒத்துக்கொள்வதுதான் பெரும்பாடு. அதற்கு நல்ல கையெழுத்து வேண்டும், வேலை நாளில் விடுப்பு வேண்டும், எத்தனை முறை திருப்பி அனுப்பினாலும் மறுபடி வந்து வரிசையில் நிற்கிற பொறுமை வேண்டும். நெவில் பர்கிஸுக்கு இவை எல்லாம் இருந்தன. இருந்தும் மூன்று வாரம் பிடித்தது.

நெவில் கோதுமைக் கிடங்கின் எடைமேடையில் வேலை பார்ப்பவன். இருபத்தெட்டு அறுவடைகளில் எந்த விவசாயியும் அவன் போட்ட எடையைச் சந்தேகப்பட்டதில்லை. குடிப்பதில்லை. குரலை உயர்த்தியதில்லை. இப்படிப்பட்ட மனிதனை ஒரு ஊர் என்ன செய்யும்? பிடித்துப் பொருளாளர் ஆக்கிவிடும். ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் பணம் பதினொரு வருடமாக அவனிடம்தான் இருந்தது. போன ஜனவரிக் கோடையில் மேட்டுப் புல்வெளி பற்றி எரிந்தபோது படையின் பழைய வண்டி நடுவழியில் படுத்துவிட்டது. பால் வண்டியில் தண்ணீர் கொண்டுபோய் அணைத்தார்கள். அடுத்த கோடைக்குள் புது வண்டி வாங்கியே தீருவது என்று ஊரே கேக் சுட்டு விற்றது, செம்மறி ரோமம் கத்தரித்தது, ஆட்டுக்கறித் தட்டுக்குக் குலுக்கல் நடத்தியது. நாற்பத்தோராயிரம் டாலர் சேர்ந்தது. அதில் இருபத்திரண்டாயிரத்தை நெவில் முன்னாள் படைவீரர் கிளப்பில் இருந்த, ஊரார் செல்லமாகப் போக்கி என்று அழைக்கும் சூதாட்ட இயந்திரங்களுக்கு ஊட்டிவிட்டான்.

ஒரு செக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தை மெர்வ் ஸ்டாக்டேல் மதித்தார். டிராக்டர் கடை வைத்திருக்கும் மெர்வ்தான் தீயணைப்புப் படையின் தலைவர். கிளப்பின் தலைவரும் அவரே. ஒவ்வொரு செக்குக்கும் தனித்தனியாகக் கூப்பிட்டால் வியாபாரம் கெடும் என்று, வருட ஆரம்பத்திலேயே புத்தகம் முழுவதற்கும் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். ஒரு முறை நெவில் தன்னைக் கண்டே பயந்து அந்தப் புத்தகத்தைக் கொல்லைப்புற அடுப்பில் போட்டு எரித்தான். நான்காம் நாள் வங்கி வருத்தம் தெரிவித்துப் புதுப் புத்தகம் அனுப்பியது. மெர்வ் கால்பந்து பார்த்துக்கொண்டே ஐம்பது தாளிலும் கையெழுத்துப் போட்டார். ஐம்பத்தோராவது கையெழுத்து சோபாவின் கைப்பிடியில் விழுந்தது.

நெவிலின் மனைவி கிளெனிஸுக்கு விஷயம் தெரிந்த அன்று அவள் அழவில்லை, தட்டை உடைக்கவில்லை. கார்ச் சாவியை மட்டும் எடுத்து ஒளித்து வைத்தாள். மறுநாள் மாலை வாசலில் கிளப்பின் இலவசச் சிற்றுந்து வந்து நின்று ஹாரன் அடித்தது. உறுப்பினர் யாரும் கார் இல்லாமல் கஷ்டப்படக் கூடாது என்பது கிளப்பின் கொள்கை. கிளெனிஸ் ஏப்ரனோடு நடுரோட்டில் போய் நின்று வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள்.

"போனது போச்சு, நெவ். மிச்சம் பத்தொம்பதாயிரம் இருக்கு. அந்தப் புத்தகத்த உன் கையிலேருந்து யாராவது வாங்கற வரைக்கும் நீ வீடு வீடா ஏறி இறங்கு. அதையும் விட்டுட்டு வந்தேன்னு வை, நான் டப்போவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்."

முதலில் அவன் நோயின் ஊற்றுக்கே போனான். தன்னை உள்ளே விடாதீர்கள் என்று உறுப்பினரே எழுதிக் கொடுக்க ஒரு வழி கிளப்பில் இருந்தது. அதற்கான அறிவிப்பு கழிப்பறைக் கதவின் உட்புறத்தில், சிறிய எழுத்தில். அதைக் கவனிக்க ஓர் அலுவலரும் இருந்தாள். ஷரீஸ் என்று பெயர். சட்டையில் 'அக்கறை அலுவலர்' என்று வில்லை. அவளுடைய மேசை நாற்பதாம் போக்கிக்கும் நாற்பத்தோராம் போக்கிக்கும் நடுவில் போடப்பட்டிருந்தது. கஷ்டப்படுகிறவர்கள் அக்கறையைத் தேடி அலையக் கூடாதாம்.

படிவம் ஏழு பக்கம். மூன்றாம் பக்கத்தில், 'இந்த மகிழ்ச்சியைக் கைவிட நினைப்பதற்கு எங்கள் சேவையில் ஏதேனும் குறை காரணமா?' என்ற கேள்வி இருந்தது. வாசலில் காவலாளி ஆளை அடையாளம் காண இரண்டு புகைப்படம் வேண்டும். புகைப்படப் பெட்டி கூடத்தின் கோடியில் நின்றது. அது சில்லறை மட்டுமே வாங்கும். சில்லறை தரும் இயந்திரம் இருபது டாலருக்குக் குறைந்து தராது. புகைப்படம் நாலு டாலர். மீதிப் பதினாறு டாலர் சில்லறையோடு நெவில் முப்பத்தேழு போக்கிகளைத் தாண்டி ஷரீஸிடம் திரும்ப வேண்டியிருந்தது. அவன் வந்து சேர்ந்தபோது கையில் புகைப்படம் இருந்தது. பதினாறு டாலர் இல்லை. பர்ஸில் இருந்த நூற்றி நாற்பதும் இல்லை.

ஷரீஸ் படத்தைப் பார்த்தாள். "சிரிச்சிருக்கீங்களே. பிரச்சினை இருக்கிறவர் மாதிரி தெரியலயே" என்றாள். அது சிரிப்பில்லை, பல் கடித்தது என்று நெவில் விளக்கிச் சொன்னான். அப்படியானால் உதட்டை மூடி இன்னொன்று எடுத்து வரச் சொன்னாள். கூடத்தின் கோடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் வேண்டாம் என்றான்.

அதோடு, விலக விரும்புகிறவர் நாற்பத்தெட்டு மணி நேரம் நிதானமாக யோசிக்க வேண்டும் என்றும் விதி. உள்ளே வருகிறவருக்கு அப்படி ஒரு விதி கிடையாது. படிவம் பாதியில் நின்றாலும், அடுத்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கிளப்பிலிருந்து நெவிலுக்கு மூன்று முறை போன் வந்தது. உங்களைப் பார்க்காமல் ஏங்குகிறோம் என்றார்கள், வறுத்த பன்றிக்கறிச் சாப்பாட்டுக்கு இலவசச் சீட்டு அனுப்பினார்கள். கிளெனிஸ் அதைக் கோழிகளுக்குக் கிழித்துப் போட்டாள்.

அடுத்தது காவல் நிலையம். சார்ஜென்ட் டூகன் நல்ல மனிதர். தேநீர் கொடுத்து உட்கார வைத்தார். கதை முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு தாளை எடுத்து நெவில் பக்கம் திருப்பி வைத்தார். குற்றத்தின் பின்னணி என்று ஒரு பகுதி. குடி, போதைப்பொருள், குடும்பத் தகராறு என்று மூன்று கட்டம். அவ்வளவுதான்.

"சூதாட்டத்துக்குக் கட்டமே இல்லப்பா. போன வருஷம் இந்த ஊர்ல சூதாட்டத்தால நடந்த குற்றம் பூஜ்யம். அதுக்கு முந்தின வருஷமும் பூஜ்யம். நான் வந்து ஒம்பது வருஷமா பூஜ்யம்தான். இதை வச்சு எனக்கு ஒரு விருதே குடுத்தாங்க. இப்ப நீ வந்து கெடுக்கப் பாக்குற."

சுவரில் விருது மாட்டியிருந்தது. கொடுத்தவர்கள், கிளப்பார்.

சரி, கட்டம் கிடக்கட்டும், திருட்டு என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் என்றான் நெவில். திருட்டு என்றால் பறிகொடுத்தவர் புகார் தர வேண்டும் என்றார் டூகன். பறிகொடுத்தது தீயணைப்புப் படை. படையின் பணம் பற்றிப் புகார் தர உரிமை உள்ளவர் பொருளாளர். பொருளாளர் நெவில். அவன் அங்கேயே உட்கார்ந்து, தன் மேல் ஒரு புகார் எழுதினான், தேதி போட்டான், கையெழுத்தும் போட்டான். டூகன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, புகார் கொடுத்தவருக்கும் குற்றவாளிக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதால் இதை நம்ப முடியாது என்று திருப்பிக் கொடுத்தார். செக் புத்தகத்தையாவது வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டான். கண்டெடுத்த பொருளாக இருந்தால் வைத்துக்கொள்ளலாமாம். தொலைத்துவிட்டு வா என்றார்.

அந்த வாரம் நெவில் வேறு வழியின்றி மெர்வின் டிராக்டர் கடைக்குப் போனான். மெர்வ் ஒரு விவசாயியிடம் அறுவடை இயந்திரத்தின் விலையைப் பேசிக்கொண்டிருந்தார். ஐந்நூறு டாலருக்கு முக்கால் மணி நேரம் பேரம் பேசுகிறவர் அவர். நெவில் இருபத்திரண்டாயிரம் என்று வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அலுவலகக் கதவைச் சாத்தினார். கிளப்பின் சமூகநலத் தொகையிலிருந்து தீயணைப்பு வண்டிக்குப் பதினைந்தாயிரம் தரப் போகிறார்களாம். செவ்வாய்க்கிழமை விழா. ஆளுயர அட்டையில் செக் எழுதி, நெவில் கையிலேயே தருவார்களாம். பள்ளமும் மூடிவிடும், படமும் பத்திரிகையில் வரும்.

"அது என் பணம்தான், மெர்வ். அதாவது ஊர்ப் பணம். நான் போட்டது."

"நீ போட்டது இருபத்திரண்டு. இது பதினஞ்சு. ரெண்டும் வேற வேற."

நெவில் செக் புத்தகத்தை மேசை மேல் வைத்து, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றான். மெர்வ் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"நான் வாங்கினா பாக்கணும். பாத்தா தெரிஞ்சுடும். தெரிஞ்சா வெளிய சொல்லணும். எனக்கு எதுக்குப்பா அந்தத் தலவலி? உன்கிட்ட இருந்தாத்தான் பத்திரம்."

கடையிலிருந்து வங்கிக்கு எண்பது அடி தூரம். அங்கிருந்து கிளப்புக்கு அறுபது அடி. அன்று அந்த நூற்று நாற்பது அடியை நெவில் கடக்காமல் வீட்டுக்குத் திரும்பியதற்கு ஒரே காரணம், கிளெனிஸ் கடை வாசலில் சைக்கிளோடு நின்றதுதான். அவள் நெவிலின் சட்டைப் பையைப் பார்த்தாள். அதில் புத்தகத்தின் பச்சை விளிம்பு தெரிந்தது. டப்போ ரயில் வியாழக்கிழமை என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை விழாவின் பெயர், சூதாட்டமும் குற்றமும்: சில எண்ணங்கள். நகரத்திலிருந்து முனைவர் ஆஷ்வொர்த் என்ற ஆராய்ச்சியாளரை வரவழைத்திருந்தார்கள். கிளப்புகளின் கூட்டமைப்பு கொடுத்த நிதியில் ஆறு வருடம் ஆராய்ந்தவர். படம் போட்டுக் காட்டினார். சிறையில் இருப்பவர்களில் நிறையப் பேர் சூதாடியவர்கள்தானாம். ஆனால் அவர்கள் சூதாடியதால் திருடினார்களா, திருடுகிற குணம் இருந்ததால் சூதாடினார்களா, அல்லது சிறைக்குப் போகும் வழியில் கிளப் இருந்ததா என்பது தெளிவாகவில்லையாம். ஆகவே இன்னும் ஆறு வருடம் ஆராய வேண்டும் என்பது முடிவு. மெர்வ் எழுந்து நின்று கைதட்டினார். நிதி கிடைக்கும் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

பிறகு மெர்வ் பேசினார். "நான் பதினாலு வருஷமா இந்த கிளப்புக்குத் தலைவர். இதுவரைக்கும் நம்ம கட்டடத்துக்குள்ள ஒரு திருட்டு நடந்ததில்ல. ஒரு ஆஷ்டிரே காணாமப் போனதில்ல. குற்றம் எல்லாம் வெளியிலதான் நடக்குது. உள்ள வர்றது பணம் மட்டும்தான். எங்க போக்கி யார் சட்டைப் பையிலயாவது கைய விட்டிருக்கா? ஜனங்க தானா வந்து போடுறாங்க. வர்ற பணத்துகிட்ட நீ எங்கேருந்து வரேன்னு கேக்கறது மரியாதையில்ல. நாம மரியாதை தெரிஞ்சவங்க."

கூட்டம் ஆமோதித்தது. முன்வரிசையில் சார்ஜென்ட் டூகன் தலையாட்டினார். ஷரீஸ் தண்ணீர் கொடுத்தாள். அட்டைச் செக் மேடையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பொருளாளர் நெவில் பர்கிஸ் மேடைக்கு வரவும் என்று அழைத்தார்கள். அவன் ஏறி, செக்கின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மணி ஆறு ஆயிற்று.

விளக்குகள் மங்கின. இசை நின்றது. எல்லோரும் எழுந்து, சுவரில் எரியும் சிறிய சுடரின் பக்கம் திரும்பினார்கள். போருக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காகத் தினமும் ஆறு மணிக்கு ஒரு நிமிட மௌனம். கரண்டியைக் கீழே வைப்பார்கள், தொப்பியைக் கழற்றுவார்கள், குழந்தையின் வாயைப் பொத்துவார்கள். போக்கிகளின் சத்தத்தைக்கூட அணைத்துவிடுவார்கள். அந்த ஊரில் போக்கிகள் கட்டுப்படுகிற ஒரே நிமிடம் அது. நெவிலின் பெரியப்பா பெயர் அந்தச் சுவரில் பித்தளையில் இருக்கிறது. முப்பது வருடத்தில் அவன் அந்த நிமிடத்தில் ஒரு இருமல்கூட இருமியதில்லை.

மூன்று வாரமாக அவன் பேசும்போதெல்லாம் யாராவது குறுக்கே பேசினார்கள். இப்போது நூற்றறுபது பேர் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

"என் பேரு நெவில் பர்கிஸ்" என்றான். "தீயணைப்பு வண்டிக்கு நீங்க குடுத்த பணத்துல இருபத்திரண்டாயிரத்த நான் திருடினேன். எல்லாத்தையும் அந்தப் பக்கத்துக் கூடத்துல போட்டேன். இன்னும் பத்தொம்பதாயிரம் இருக்கு. அதையும் போட்டுடுவேன். செக் புத்தகம் இதோ. யாராவது வாங்கிக்குங்க."

யாரும் அசையவில்லை. அசைய முடியாது, இன்னும் நாற்பது நொடி பாக்கி இருந்தது. மங்கிய வெளிச்சத்தில் ஒரு கையில் அட்டைச் செக், தலைக்கு மேல் இன்னொரு கையில் நிஜச் செக் புத்தகம் என்று நெவில் நின்றான். நூற்றறுபது பேரும் சுடரையே பார்த்தார்கள். மெர்வின் கழுத்து பீட்ரூட் நிறத்துக்கு வந்தது. ஆனாலும் அவரும் நேராக நின்றார். நிமிடத்தை முழுதாக முடித்தார்கள்.

விளக்கு வந்ததும் கூடம் கொதித்தது. பணத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மௌனத்தில் பேசிவிட்டான் என்பதுதான் பேச்சு. ஒரு கிழவர் கைத்தடியை ஓங்கினார். ஷரீஸ் அழுதாள். அடுத்த பத்தாவது நிமிடத்தில் கிளப்பின் ஒழுங்குக் குழு பின்னறையில் கூடியது. விலக ஏழு பக்கமும் நாற்பத்தெட்டு மணி நேரமும் கேட்ட அதே கிளப்பில், புகைப்படம் இல்லாமல், சாட்சி இல்லாமல், மூன்று நிமிடத்தில் நெவிலுக்கு ஆயுள் தடை விதித்தார்கள். காவலாளி அவன் முகத்தை மறக்க மாட்டார் என்று சார்ஜென்ட் டூகன் உறுதி கொடுத்தார். அவரும் குழுவில் ஒருவர்.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. அவமரியாதையாகப் பேசியவர் என்ன பேசினார் என்பதைச் சொல்லுக்குச் சொல் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பது கிளப்பின் விதி. எழுதினால் திருட்டு எழுத்தில் வந்துவிடும். உரிமம் கொடுக்கும் அரசாங்கத்துக்கு நகல் போகும். எழுதாவிட்டால் அவன் பேசவே இல்லை என்றாகும், தடை செல்லாது. மெர்வ் யோசித்தார். பிறகு தனக்குத் தெரிந்த தொழிலில் இறங்கினார். பேரம் பேசினார்.

நெவில் இருமினான் என்று எழுதிக்கொள்ளலாம், இருமலுக்கு ஒரு மாதத் தடை போதும் என்றார். நெவில் ஆயுள் தடை கேட்டான். மூன்று மாதம் என்றார் மெர்வ். ஆயுள் என்றான் நெவில். ஆறு மாதம், அதோடு கிறிஸ்துமஸ் சாப்பாடு இலவசம் என்றார். தண்டனையை ஏற்றச் சொல்லி ஒருவன் பேரம் பேசுவதை மெர்வ் வாழ்நாளில் கண்டதில்லை. எந்தப் பக்கம் இழுப்பது என்று அவருக்கே பிடிபடவில்லை. ஒரு கட்டத்தில் அவரே வாய் தவறி இரண்டு ஆயுள் என்றார்.

"தடை ஆயுளுக்கும் வேணும். நான் சொன்னத அப்படியே எழுதணும். இந்தப் புத்தகத்த இப்ப வாங்கணும்" என்றான் நெவில்.

"வாங்கலன்னா?"

நெவில் புத்தகத்தை நீட்டியபடியே நின்றான். அவன் மிரட்டிப் பழகியவன் இல்லை. "வெள்ளிக்கிழமை அன்சாக் நாள். போர்ல செத்தவங்களுக்கு விடியக்காலை நினைவுத்தூண்ல ரெண்டு நிமிஷ மௌனம். அமைச்சர் வராரு. டிவிக்காரங்க வராங்க. இன்னிக்கி எனக்கு ஒரு நிமிஷம்தான் கெடச்சது. சொல்ல இன்னும் நிறைய இருக்கு."

குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெர்வ் கைக்குட்டையை எடுத்தார். வெறுங்கையால் தொடாமல், கைக்குட்டையால் பிடித்து, செக் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். டூகன் பெருமூச்சு விட்டு, குற்றம் பதியும் தன் தாளை விரித்தார். குறிப்பேட்டில் நெவில் சொன்னது சொன்னபடி ஏறியது. அவன் படித்துப் பார்த்து, ஒரு எண்ணைத் திருத்தி, கையெழுத்துப் போட்டான்.

வெளியே வண்டியில் கிளெனிஸ் காத்திருந்தாள். "வாங்கிட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றான். அவள் வண்டியைக் கிளப்பினாள். அந்த வியாழக்கிழமை டப்போ ரயிலில் அவள் இல்லை.

மாதம் ஒரு முறை ஊருக்கு வரும் நீதிபதி, வழக்கை ஒன்பது நிமிடத்தில் முடித்தார். சூதாட்டத்தைச் சாக்காகச் சொல்லித் தப்பக் கூடாது என்று கண்டித்தார். நெவில் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவன் தங்களுடைய மிக மதிப்புக்குரிய உறுப்பினர்களில் ஒருவன் என்று கிளப்பார் ஒரு கடிதம் கொடுத்திருந்தார்கள். மதிப்பு எவ்வளவு என்று எண்ணால் எழுதவில்லை. சம்பளத்திலிருந்து பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். முந்நூறு மணி நேரம் ஊருக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். என்ன வேலை கொடுப்பது என்று தேடினார்கள். தீயணைப்பு வண்டி கழுவ ஆள் இல்லாமல் இருந்தது.

வண்டி அக்டோபரில் வந்தது. மிச்சமிருந்த பத்தொன்பதாயிரமும் கிளப்பின் பதினைந்தாயிரமும் சேர்த்து வாங்கினார்கள். புதிது வாங்கப் பணம் போதவில்லை, பழையதுதான். இடது கதவு சரியாகச் சாத்தாது. ஆனால் தொட்டி ஒழுகவில்லை, மோட்டார் ஒரே தட்டில் எழுந்தது. சிவப்பு உடம்பின் இரண்டு பக்கமும் வெள்ளை எழுத்தில், முழ உயரத்துக்கு, 'முன்னாள் படைவீரர் கிளப்பின் அன்பளிப்பு' என்று எழுதியிருந்தது. எழுதின கூலியை வண்டிக் கணக்கிலேயே பிடித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை நெவில் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மேற்கே போகும் வழியில் பெட்ரோல் போட நிறுத்திய ஒரு வெளியூர்க்காரர், கையில் கறிப் பஃப்ஸோடு நடந்து வந்து எழுத்தைப் படித்தார். இந்தக் காலத்தில் இப்படி அள்ளிக் கொடுக்கிற கிளப் எங்கே இருக்கிறது என்று வியந்தார். நல்ல மனசுக்காரங்க போல இருக்கே, என்ன?

நெவில் 'அன்பளிப்பு' மேல் சோப்பு நுரையைப் பரப்பினான். தண்ணீர் ஊற்றினான். எழுத்து முன்னைவிடப் பளிச்சென்று வந்தது.

"குடுத்த ஆள எனக்கு நல்லாத் தெரியும்" என்றான். "இப்ப அவரை உள்ள விடறதில்ல."